திரும்பி வருவதற்கு ஒரு மோட்டார்

கடல் தண்ணீரில் கரண்ட் மோட்டாரை இறக்கினால் படகில் இருப்பவர்கள் அத்தனை பேருக்கும் ஷாக் அடிக்கும் என்று நான் நம்பினேன். சும்மா நம்பவில்லை, யோசித்து நம்பினேன். உப்புத் தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் இருந்தது. அதற்கு அடுத்த வரியில் என்ன இருந்தது என்பது மறந்துபோயிருந்தது. ஆகையால் மோட்டாரை இறக்கிய முதல் நாள், மலாக்காவில் இருக்கும் செர்காம் படகுத்துறைக்கு, செம்பனைத் தோட்டத்தில் உரம் போடுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸோடு போய் நின்றேன். கைகளில் பாத்திரம் கழுவும் ரப்பர் உறை. மனைவியுடையது. இளஞ்சிவப்பு.

மிஸ்ஸி என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். வார்டில் புதிதாக வந்து படுத்த நோயாளியைப் பார்க்கும் அதே பார்வை.

"படகு கவுந்துச்சுன்னா இந்த பூட்ஸ்ல தண்ணி ரொம்பி நீ நேரா கீழ போயிருவ. ஷாக் அடிச்சாலாச்சும் மேல மிதப்ப. கழட்டு."

பூட்ஸைக் கழற்றினேன். உறையைக் கழற்றவில்லை. மீன் முள் குத்தும் என்று காரணம் சொன்னேன். அதன்பிறகு எத்தனையோ சனிக்கிழமைகள் அந்தப் படகில் போயிருக்கிறேன். ஷாக் அடிக்காது என்று புத்திக்குத் தெரிந்த பிறகும் கைக்குத் தெரியவில்லை. உறை கூடவே வந்தது.

எங்கள் பக்கத்தில் நர்ஸுகளை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். இவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் பெம்பானில் எல்லாருக்கும் மிஸ்ஸிதான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாதிரியாரே அப்படித்தான் கூப்பிடுவார். அவருடைய சொந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. 'என்னைக் கேட்டா எழுதின' என்று எங்கிருந்தாவது கேட்பார் என்று இன்னமும் பயம்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். என் காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. பதினெட்டு வயதுப் பிள்ளைகள் லாரியை நோக்கி வண்டியைத் திருப்பும்போது நான் சிரித்த முகத்தோடு அதை மிதிப்பேன். ஊரில் என்னைத் தைரியசாலி என்று சொல்வார்கள். என் தைரியம் முழுவதும் அந்த இரண்டாவது பிரேக்கில்தான் இருக்கிறது என்பது எனக்கும் மிஸ்ஸிக்கும் மட்டுமே தெரியும்.

அவருக்குத் தெரியவந்தது குடல்வாலால். பல வருஷங்களுக்கு முன்னால் எனக்குக் குடல்வால் அறுவை செய்தார்கள். அது பெரிய விஷயமே இல்லை என்று டாக்டர் சொன்னார். நான் மனைவியிடம் என் கடைசி விருப்பங்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன். யாருக்கு என் தூண்டில், யாருக்கு என் கைக்கடிகாரம் என்று போய்க்கொண்டிருந்தபோது அந்த வார்டுக்குப் பொறுப்பான மிஸ்ஸி வந்தார். குனிந்து, கட்டிலடியில் கிடந்த என் சிலிப்பரை எடுத்து, முனை வாசலைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார். பக்கத்துக் கட்டில்களைப் பார்த்தேன். அத்தனை சிலிப்பர்களும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தன.

எதற்கு என்று கேட்டேன்.

"கெளம்புற அன்னிக்குத் தையல் போட்ட வயித்தோட குனிஞ்சு திருப்ப முடியாது உன்னால. இப்பவே திருப்பி வச்சாச்சு. அப்புறம், அந்தக் கைக்கடிகாரம் யாருக்குன்னு சொன்ன?"

அந்தச் சிலிப்பரைப் பார்த்துக்கொண்டே நான் அறுவைக்குப் போனேன். கடவுளைக் கும்பிட்டதைவிட அது தெம்பாக இருந்தது.

அவர் முழுக்க அப்படித்தான். எங்கே போனாலும் முதலில் திரும்பி வரும் வழியைச் சரிசெய்துவிட்டுத்தான் போவார். கல்யாணமோ சாவோ திருவிழாவோ, அவருடைய பழைய வெள்ளைக் கார் மட்டும் பின்பக்கமாக உள்ளே போய், மூக்கு ரோட்டைப் பார்த்து நிற்கும். பின்னால் நாலு கார் ஹார்ன் அடித்தாலும் அவசரப்படமாட்டார். எத்தனையோ பேருக்கு ரிவர்ஸ் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவ்வளவு சுத்தமாக ஒருத்தரும் நிறுத்தி நான் பார்த்ததில்லை. ஆனாலும் கேலி செய்வேன். "என்ன மிஸ்ஸி, பேங்க் கொள்ளையா?" என்பேன்.

மஸ்ஜித் தானா என்ற ஊரில் என் மச்சினிச்சி கல்யாணத்தன்று அந்தக் கேலி நின்றுபோனது. தாலி கட்டி, சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்தபோது என் மாமனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியோடு சாய்ந்தார். மண்டபத்து வாசலில் கார்கள் ஒன்றன் வாலை ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. கார் கற்றுக்கொடுக்கும் மாப்பிள்ளையாகிய என் கார் எல்லாவற்றுக்கும் உள்ளே, சுவரைப் பார்த்து நின்றது. நான் மைக்கில் கார் நம்பர்களை வாசிக்கத் தொடங்கினேன். பதற்றத்தில் என் கார் நம்பரையே திரும்பத் திரும்ப வாசித்தேன் என்று பிறகு சொன்னார்கள். அதற்குள் மிஸ்ஸி மாமனாரைத் தன் காரின் பின்சீட்டில் கிடத்தி ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்திருந்தார். மாமனார் இன்னும் இருக்கிறார். என்னைப் பார்த்தால் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

படகு மிஸ்ஸியின் கணவர் வாங்கியது. அவர் இருந்தவரை படகை ஓட்டுவது அவர் வேலை, மீன் பிடிப்பது மிஸ்ஸியின் வேலை. அவர் போன பிறகு மிஸ்ஸி இரண்டையும் செய்தார். படகின் பதிவு மட்டும் மூவாரில் வேலை பார்க்கும் மகன் பெயருக்கு மாறியிருந்தது. ஒரு நாள் பெட்ரோல் இன்ஜின் நடுவழியில் நின்றுபோய், மலாய் மீனவர் ஒருவர் கயிறு கட்டி இழுத்து வந்தார். மிஸ்ஸி கரையேறுவதற்கு முன்பே செய்தி மூவாருக்குப் போய்விட்டது. மகன் வந்தார். சத்தம் போடவில்லை, இரண்டு நிபந்தனை போட்டார். தனியாகப் போகக்கூடாது. படகில் இரண்டாவதாக ஒரு மோட்டார் இருக்கவேண்டும்.

"இன்னொரு வாட்டி எனக்கு இப்படி ஒரு போன் வந்துச்சுன்னா, படகை வித்துருவேன் மா."

மிஸ்ஸி சரி என்றார். பிறகு நேராக என் வீட்டுக்கு வந்து, சனிக்கிழமைகளில் அவரோடு படகில் வரவேண்டும் என்றார். எனக்கு நீச்சல் தெரியாதே என்றேன். அது தெரியும் என்றார். தைரியமான ஆட்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்களே என்றேன்.

"தைரியசாலியைக் கூட்டிட்டுப் போனா ரெண்டு பேரும் சேர்ந்து தூரமா போயிருவோம் லா. நீ ஒக்காந்திருந்தா நான் ஒழுங்கா இருப்பேன்."

இரண்டாவது மோட்டாரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நானே இழுத்துப்போட்டுக்கொண்டேன். கரண்ட் மோட்டார்தான் வேண்டும் என்பதில் மிஸ்ஸி உறுதியாக இருந்தார். சத்தம் இல்லாமல் கண்டல் மரங்களின் ஓரமாக ஊர்ந்து போகலாம், கொடுவா மீன் கலையாது. இன்ஜின் நின்றால் கரைக்கும் வரலாம். நான் வாரக்கணக்கில் வீடியோ பார்த்தேன். ஷாக் பயத்தைப் போக்கிக்கொள்ளப் பார்க்க ஆரம்பித்து, பாதியில் நிபுணனாகிவிட்டேன். படகின் மூக்கில் பூட்டுவது, ரிமோட்டில் ஓடுவது, பட்டனைத் தட்டினால் நங்கூரமே இல்லாமல் ஒரே இடத்தில் நிற்பது. இருப்பதிலேயே பெரியது. அதைத்தான் வாங்கவேண்டும் என்று முடிவு செய்துகொண்டு மிஸ்ஸியை மலாக்கா டவுனில் ஒரு கடைக்கு அழைத்துப் போனேன். கடைக்காரச் சீனருக்கு என்னைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. நானும் அவரும் ஒரே கட்சி.

நாங்கள் இருவரும் அந்தப் பெரிய மோட்டாரைப் புகழ்ந்து முடிக்கும்வரை மிஸ்ஸி பொறுமையாக இருந்தார்.

"போறது இருக்கட்டும். வர்றதைச் சொல்லுங்க" என்றார். தமிழில் என்னிடம் சொன்னதையே மலாயில் கடைக்காரரிடமும் சொன்னார்.

பிறகு கேள்விகள் வந்தன. ரிமோட் தண்ணீரில் விழுந்தால் என்ன செய்வது? கடைக்காரர் என்னைப் பார்த்தார். இது ஏரிக்குச் செய்ததா, உப்புத் தண்ணீருக்கென்று செய்ததா? நான் கடைக்காரரைப் பார்த்தேன். இவ்வளவு பெரிய மோட்டாருக்கு எத்தனை பேட்டரி? இரண்டு, ஒன்றோடு ஒன்று கோத்து மாட்டவேண்டும் என்றார் கடைக்காரர்.

"அப்ப ரெண்டும் ஒண்ணாவே காலியாகும்?"

ஆமாம் என்றார்.

"புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரு வீட்டுச் சாவியையும் ஒரே பையில போட்டுப் பையைத் தொலைச்ச மாதிரி" என்றார் மிஸ்ஸி.

அவர் எடுத்தது ஒற்றைப் பேட்டரியில் ஓடும் நடுத்தர மோட்டார். உப்புத் தண்ணீருக்கென்று செய்தது. படகின் பின்பக்கம் பெட்ரோல் இன்ஜினுக்குப் பக்கத்தில் மாட்டி, கையால் பிடித்துத் திருப்புவது. ரிமோட்டும் இல்லை, பட்டனும் இல்லை. முழு வேகத்தில் ஓட்டினால் கொஞ்ச நேரத்தில் பேட்டரியைக் குடித்துவிடும், மெதுவாக ஓட்டினால் பல மணி நேரம் தாங்கும் என்று கடைக்காரர் சொன்னபோது, அந்தக் கடையிலேயே முதல்முறையாக மிஸ்ஸி தலையாட்டினார். பேட்டரி மட்டும் இரண்டு வாங்கினார்.

மோட்டாரின் தண்டு எவ்வளவு நீளம் வேண்டும் என்பதில் எனக்கு ஒரு மானக்கேடு நேர்ந்தது. தண்டு குட்டையாக இருந்தால் அலையில் காற்றாடி தண்ணீருக்கு மேலே வந்து வெறுமனே சுற்றும். கடைக்குப் போவதற்கு முதல் வாரமே மிஸ்ஸி என்னைப் படகின் பின்பக்கம் உட்காரவைத்து, தண்ணீர் எதுவரை வருகிறது என்று தையல் டேப்பால் அளந்திருந்தார். பிறகு என்னை முன்பக்கத்துக்கு ஓடச் சொல்லி, பின்பக்கம் எவ்வளவு தூக்குகிறது என்று அளந்தார். என் எடைக்கு அது கணிசமாகத் தூக்கியது. குட்டைத் தண்டே போதும் என்றார் கடைக்காரர். மிஸ்ஸி என்னைக் காட்டி, "இவரு ஓடுவாரு" என்று மலாயில் விளக்கினார். நீளத் தண்டாகவே வாங்கினோம்.

இரண்டு பேட்டரிக்கும் தலையில் வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டினார், காயத்துக்கு ஒட்டும் அதே பிளாஸ்டர். ஒன்றில் பேனாவால் 'கடல்' என்று எழுதினார். இன்னொன்றில் 'வீடு'. மீன் பிடிக்கும்போது மோட்டாரை ஓட்டுவதெல்லாம் 'கடல்' பேட்டரியில். 'வீடு' பேட்டரியின் இரண்டு முனைகளையும் பிளாஸ்டர் மூடியிருக்கும், யாரும் தொடக்கூடாது. ஒரு நாள் நல்ல கொடுவாக்கூட்டம் கிடைத்து, 'கடல்' தீர்ந்துபோனபோது, கொஞ்சம் 'வீட்டை'த் தொடலாமே என்று கெஞ்சினேன். மிஸ்ஸி தூண்டிலைச் சுருட்டிவிட்டார்.

அவர் போய்ச் சேர்ந்ததும் சனிக்கிழமையில்தான். படுக்கையில், தூக்கத்தில், மோட்டார் வாங்கி நாலைந்து வருஷம் கழித்து. அடக்கத்துக்கு வந்தவர்கள் மாதா கோயில் வளாகத்தில் வண்டிகளைப் பின்பக்கமாக ஏற்றி, மூக்கு ரோட்டைப் பார்க்க நிறுத்தியிருந்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லி வைக்கவில்லை. நான் மூன்று முறை முன்னும் பின்னும் எடுத்துக் கோணலாக நிறுத்தினேன். கண்ணில் தண்ணீர் இருந்தால் ரிவர்ஸ் சரியாக வராது.

ஆனால் நான் சொல்ல வந்தது, மோட்டார் வாங்கிய மறுவருஷம் ஒரு காலையில் நடந்ததை.

தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. கரையிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போய், 'கடல்' பேட்டரியில் ஊர்ந்து ஊர்ந்து நன்றாகவே பிடித்தோம். அது தீரும் தறுவாயில் மிஸ்ஸி பெட்ரோல் இன்ஜினின் கயிற்றை இழுத்தார். இருமியது. மறுபடி இழுத்தார். இருமக்கூட இல்லை. வற்றும் தண்ணீர் எங்களை வெளிக்கடல் பக்கமாக இழுத்தது. மிஸ்ஸி நங்கூரத்தைப் போட்டார். படகு கயிற்றில் இழுபட்டு நின்றது.

'வீடு' பேட்டரியை மாட்டி முழு வேகத்தில் போய்விடலாம் என்றேன். எதிர்த்தண்ணீரில் முழு வேகம் போட்டால் பாதி வழியில் பேட்டரி காலியாகும், தண்ணீர் கரைப்பக்கம் திரும்பட்டும் என்றார் மிஸ்ஸி. பிறகு பொட்டலத்தைப் பிரித்து நாசி லெமாக் சோற்றைச் சாப்பிட ஆரம்பித்தார்.

என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது. தூரத்தில் பெரிய கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன. அவற்றுக்கு அந்தப் பக்கம் இந்தோனேசியாவின் சுமத்ரா. என் பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டது என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மிஸ்ஸி சாப்பாட்டைப் பார்த்துக் குனிந்திருந்தபோது போனை எடுத்தேன். ரப்பர் உறைக்குப் போன் மசியவில்லை. பல்லால் உறையைக் கழற்றி மனைவிக்கு அடித்தேன். இன்ஜின் நின்றுவிட்டது, கடலில் இருக்கிறோம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்றேன். மீன் கிடைத்ததா என்று கேட்டாள். கிடைத்தது என்றேன்.

"அப்ப வர்றப்ப இஞ்சி வாங்கிட்டு வாங்க."

இந்த நிலைமையின் தீவிரம் புரிந்த ஒருவரிடமாவது சொல்லவேண்டும் என்று மிஸ்ஸியின் மகனுக்கு அடித்தேன். "தம்பி, அம்மா நல்லா இருக்காங்க. இதுவரைக்கும் நல்லா இருக்காங்க" என்று தொடங்கினேன். அதற்கு மேல் சிக்னல் இல்லை.

தலையைத் தூக்கினால் மிஸ்ஸி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருக்குப் போன் பண்ணின?"

நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. அவர் பொட்டலத்தை மடித்து வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். படகின் விளிம்பை உள்ளங்கையால் ஒருமுறை தடவினார்.

"படகு போச்சு" என்றார், மெதுவாக.

மூவாரிலிருந்து செர்காமுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. மகன் வந்து சேர்வதற்குள் நாங்கள் கரையில் மீன் கழுவிக்கொண்டிருந்தால், என் போனை என் கோமாளித்தனங்களில் ஒன்றாக்கிச் சிரித்துவிடலாம். அது எனக்கே தோன்றியபோது அவருக்குத் தோன்றாமல் இருக்குமா? அவருடைய கை 'வீடு' பேட்டரிக்குப் போனது. நகத்தால் பிளாஸ்டரின் ஓரத்தை நெம்பினார். தண்ணீரைப் பார்த்தார். அது இன்னும் வெளியேதான் போய்க்கொண்டிருந்தது. கரையைப் பார்த்தார். மறுபடி தண்ணீரைப் பார்த்தார்.

பிறகு, நெம்பிய ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டார். அந்தப் படகில் இருந்த இரண்டு பேரில் ஒருவருக்கு இழக்க ஏதோ இருந்தது, அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். இன்னொருவன் ஜெபம் செய்தான். அவன் இந்து.

வெயில் ஏறியது. நங்கூரக் கயிறு மெல்லத் தொய்ந்தது. படகின் மூக்கு தானாகவே சுற்றிக்கொண்டு வந்தது. மிஸ்ஸி பிளாஸ்டரை உரித்தார். பேட்டரியை மாட்டி, மோட்டாரை இறக்கி, நங்கூரத்தைத் தூக்கி, பிடியைப் பாதிகூடத் திருகாமல் வைத்தார். ஏறுகிற தண்ணீர் பின்னால் தள்ள, சத்தமே இல்லாமல் நகர்ந்தோம். நடக்கிறவன்கூட எங்களை முந்தியிருப்பான்.

வழியில், எப்போதோ கடந்துபோன கப்பல் ஒன்றின் அலைகள் வரிசையாக வந்தன. நான் ஓடினேன். ஏன் ஓடினேன், எங்கே ஓடினேன் என்பதெல்லாம் தெரியாது. நின்றபோது படகின் முன்பக்கத்தில் இருந்தேன். பின்பக்கம் எழும்பியது. காற்றாடி தண்ணீருக்குள்ளேயே இருந்தது, படகு போய்க்கொண்டேயிருந்தது.

"ஓடிட்டியா? இப்ப திரும்பி வா" என்றார் மிஸ்ஸி.

மகன் படகுத்துறையில் நின்றிருந்தார். ஆபீஸ் சட்டை, சிவந்த கண். அவருடைய கார் கடலைப் பார்த்து, கதவு திறந்தபடி நின்றது. மிஸ்ஸி கரையேறியதும் முதலில் அந்தக் காரைத்தான் பார்த்தார். "வண்டியைத் திருப்பி நிறுத்துப்பா" என்றார்.

மகன் நகரவில்லை. "யாரு மா இழுத்துட்டு வந்தா?"

"யாரும் இழுக்கல. நாங்களே வந்தோம்."

மகன் சுற்றிப் பார்த்தார். துறையில் வேறு படகு எதுவும் இல்லை, எங்கள் படகில் இழுத்த கயிறும் இல்லை. இறங்கிப் போய், நின்றுபோன பெட்ரோல் இன்ஜினைப் பார்த்தார். சின்ன மோட்டாரைப் பார்த்தார். 'வீடு' பேட்டரியில் இன்னும் பாதி இருப்பதாகக் காட்டிய விளக்கைக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். மேலே ஏறி வந்து, காரைப் பின்பக்கமாக எடுத்து, ரோட்டைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினார்.

யாருக்கும் ஷாக் அடிக்கவில்லை. இஞ்சி வாங்க மறந்துபோனேன். அடுத்த சனிக்கிழமை போனபோது பெட்ரோல் இன்ஜின் பழுது பார்த்து மாட்டியிருந்தது. 'வீடு' பேட்டரியில் சார்ஜ் ஏற்றி, முனைகளை மூடிப் புதுப் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. அதில் 'வீடு' என்று கோணல்மாணலாக எழுதியிருந்தது. மிஸ்ஸியின் எழுத்து இல்லை. மலாய்ப் பள்ளியில் படித்து, அம்மாவிடம் மட்டும் கொஞ்சம் தமிழ் எழுதக் கற்றுக்கொண்டவர் எழுத்து.

படகு விற்கப்படவில்லை.